கடல் வலப்பக்கம்

என் மனைவி இத்தாலிக்குப் பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் எங்கள் வீட்டு அலமாரியைத் திறப்பது பெரும்பாடாக இருந்தது. சாலைக் கடைத்தெருவில் என் பெரியப்பா வைத்திருந்த ஜவுளிக் கடையில் துணிப் பொதிகளைச் சுற்றி வரும் பழுப்புக் காகிதத்தை வாங்கி வந்து, நான்கைந்து தாள்களைச் சேர்த்து ஒட்டி, அதில் இத்தாலியின் பாதியை வரைந்து அலமாரிக் கதவின்மேல் தொங்கவிட்டிருந்தாள். மலையாளச் சீமையில், கரமனையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் அவ்வளவு அகலமான இடம் வேறு இல்லை. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் எனக்கு ஒரு சட்டை வேண்டுமென்றால், கீழேயிருந்து சுருட்டிக்கொண்டே போய், ரோமுக்கு மேலே ஒரு கிளிப்பைப் போட்டு நிறுத்தி, அப்புறம் கதவைத் திறக்க வேண்டும். சுருட்டியதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில். நான் சர்க்கார் ஆபீசில் பைல் தள்ளிக்கொண்டிருந்தவன். வீடு, ஆபீஸ், வருஷத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலி. எனக்கு அது தாராளமாகப் போதும். பயணம் என்றாலே மூட்டை, மூட்டை என்றாலே முதுகுவலி என்று நினைக்கிற ரகம் நான். அவள் பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். கண்டங்களையும் கடல்களையும் கரும்பலகையில் வரைந்து வரைந்து விரல் தேய்ந்தவள், வடக்கே மதுரையைத் தாண்டியதில்லை, தெற்கே கன்னியாகுமரியைத் தாண்டத் தரையில்லை. அவளுடைய தம்பி நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்தான். அடுத்த லீவில் வந்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், டிக்கெட் என் பொறுப்பு, என்னிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது, பத்து நாள் கடலோரமும் மலையோரமுமாகச் சுற்றலாம் என்று எழுதியிருந்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். எந்தெந்த ஊர், எந்த வழி என்பதை அக்காதான் முடிவு செய்ய வேண்டும். அவள் கைகாட்டுகிற பக்கம் அவன் ஓட்டுவான்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாம் மலை ரோடாகத்தான் இருக்கும் என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

என் மனைவிக்கு உயரம் என்றால் பயம். கொஞ்சநஞ்சப் பயமில்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதுகூடக் கைப்பிடிச் சுவர் பக்கம் போகமாட்டாள். கல்யாணமான புதிதில் பெரிய ரசிகன் மாதிரி அவளைப் பொன்முடி மலைக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலில் பள்ளம் தெரிந்ததும் என் முழங்கையைப் பிடித்தாள் பாருங்கள், நகம் பதிந்து ரத்தமே வந்துவிட்டது. மேலே தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒரு பாறையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னாள்.

அவளுக்குப் பதினாறு வயது இருக்கும்போது தம்பிக்கு ஆறு. அம்மா இறந்துபோன வீடு, தம்பியை வளர்த்தது இவள்தான். ஒருநாள் விளையாடிக்கொண்டிருந்தவன் வீட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டான். அப்பா வெளியே போயிருந்தார். இவள் கயிற்றைப் பிடித்து இறங்கி, அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லில் காலை ஊன்றி, அக்கம்பக்கத்தார் ஓடி வரும் வரை நின்றிருக்கிறாள். நின்ற நேரமெல்லாம் காலுக்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர். அன்றிலிருந்து அவளால் எந்த உயரத்திலும் நின்று கீழே பார்க்க முடியவில்லை. தம்பிக்கோ அதே சம்பவம் வேறு மாதிரி மனத்தில் பதிந்துவிட்டது. எங்கக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பள்ளியிலும் காலேஜிலும் பறைசாற்றிக்கொண்டு திரிந்தவன் அவன். தன்னை எடுக்க இறங்கியதால்தான் அக்காவுக்கு இது வந்தது என்று தெரிந்தால் அவன் மனசு உடைந்துபோகும் என்று இவள் நினைத்தாள். ஒருபோதும் அவனுக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பாறையில் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆகவே, போகாமலே இருந்துவிடலாமே என்று நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா என் கண்ணால பாத்த மாதிரி புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன். ஒண்ணையாவது பாத்துட்டு வரேனே" என்றாள்.

போகவும் வேண்டும், மலை ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது தம்பிக்குத் தெரியவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடும் வழியைத்தான் அவள் தேட ஆரம்பித்தாள். அலமாரியில் இத்தாலி ஏறியது அப்படித்தான்.

தம்பி அனுப்பிய ரோடு மேப் ஒன்று வந்தது. நரம்பு நரம்பாகச் சாலைகள், ஒரு எழுத்தும் நமக்குப் புரியாது. பொட்டலம் கட்டும் சணல் நூலை நனைத்து, அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் நெளித்து வைத்து, குண்டூசி குத்தி, பிறகு நீட்டிப் பிடித்து அளந்தாள். மற்றவர்கள் ஸ்கேலை வைத்து நேர்கோட்டில் அளந்துவிட்டு, போய் இறங்கிய பின் இவ்வளவு தூரமா என்று வாயைப் பிளப்பார்கள். இவள் வளைவுக்கும் சேர்த்து அளந்தாள். கிலோமீட்டர் கணக்கு எனக்கு ஏறவில்லை என்று கண்டதும் எல்லாவற்றையும் நம் ஊர்த் தூரமாக மாற்றிவிட்டாள். சொரெந்தோவிலிருந்து அமால்ஃபி ஏறத்தாழ ஆற்றிங்கல் தூரம். ஒர்வியேத்தோவிலிருந்து அசிசி கன்னியாகுமரி தூரம். நேப்பிள்ஸிலிருந்து ஒர்வியேத்தோ மதுரை தூரம், ஆகவே அன்றைக்கு விடிகாலையில் கிளம்ப வேண்டும், நீங்கள் குளிக்கப் போய்ப் பேப்பர் படித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று ஆறு மாதம் முன்னதாகவே எனக்கு உத்தரவு வந்துவிட்டது. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வாயில் நுழையாத ஊர்களெல்லாம் நெடுமங்காட்டுக்கும் நாகர்கோவிலுக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

புத்தகங்களில் கிடைக்காததை ஆட்களிடம் கேட்டாள். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தியின் சித்தி கன்னியாஸ்திரீ. ரோமில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து இங்கே ஒரு மடத்தில் தங்கியிருந்தார். சனிக்கிழமை தோறும் இவள் அங்கே போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் கடைகளை அடைத்துவிட்டு ஊரே தூங்கும், நான்கு மணிக்கு மேல்தான் மறுபடி உயிர் வரும் என்று அவர்தான் சொன்னார். உடனே ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டை முன்கூட்டியே வாங்கிக் காரில் வைத்துக்கொள்வது என்று திட்டம் மாறியது. மலையுச்சி ஊர்களில் தெருக்களெல்லாம் படிக்கட்டு என்றும், ஊரைச் சுற்றி மதில் உண்டு என்றும் அவர் சொல்ல, மதில் என்ன உயரம் என்று இவள் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. எழுந்து நின்று, கண்ணை மூடி யோசித்து, நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நெஞ்சு உயரம் மதில் இருந்தால் நான் நிற்பேன் என்றாள். காரைக் கீழேயே நிறுத்திவிட்டு மலை ஊர்களுக்கு நடந்தே ஏறுவது என்று முடிவாயிற்று. நடக்கப் போகிற என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு விட்டாளா? கோவளத்தில் இத்தாலிக்காரர்கள் வருகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தென்னையின் பின்னால் நின்றேன். அவளோ புடவைக் கரை நனைய, மேப்பை விரித்துப் பிடித்தபடி, வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு தம்பதி முன்னால் போய்க் குனிந்தாள். பள்ளிக்கூட இங்கிலீஷில் இவள் கேட்க, அவர்கள் இருந்த இங்கிலீஷை வைத்துச் சொல்ல, சற்று நேரத்தில் மூன்று பேரும் மணலில் மண்டி போட்டுக் கடற்கரை வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த மனிதர் கையைப் பாம்பாக நெளித்து வளைவுகளைக் காட்டினார். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும் என்றார். கடல் பக்கம் சுவர் முழங்கால் அளவுதான் என்றார். முழங்கால் அளவு என்றதும் என் மனைவியின் முகம் மாறியதைத் தென்னைக்குப் பின்னால் இருந்த நானே பார்த்தேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பயந்தவளாகப் பேசவில்லை. மலைப் பக்கமாகவே போகும்படி வழி போட முடியுமா என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் மறுபடி பொன்முடி. ஒரு டாக்சி பிடித்து, பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, அந்தச் சாலையில் அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். முதல் நாலைந்து வளைவு வரை கந்தர் சஷ்டிக் கவசம் சொல்கிற மாதிரி உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு ஒவ்வொரு வளைவு தாண்டியதும் கண்ணைத் திறந்து எது தாங்க முடிகிறது, எது முடியவில்லை என்று தன்னையே சோதித்துக்கொண்டு வந்தாள். கண் மூட வேண்டிய இடத்தில் மூடினாள், மூடியபடியே எந்தப் பக்கம் மலை என்று என்னிடம் கேட்டாள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது புடவை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. ஆனால் விதி கிடைத்துவிட்டது. நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். மலை இடப்பக்கம் இருந்தால் வண்டி மலையை ஒட்டியே போகும், பள்ளத்துக்கும் நமக்கும் நடுவில் பாதிச் சாலை இருக்கும், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பள்ளம் இடப்பக்கம் வந்தால்தான் தொல்லை. பொன்முடியில் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும், ஒன்றும் செய்வதற்கில்லை. கடலோரச் சாலையில் அப்படியில்லை. போகிற திசையை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் வழி முழுவதும் கடல் ஒரே பக்கம்தான்.

"கடல் எப்பவும் வலப்பக்கம் இருக்கணும். அது மதி, அவ்வளவு போதும்" என்றாள்.

நான் அசந்துபோய்விட்டேன். பயந்தவர்கள் பயத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு போவார்கள். இவள் அதை வளைவு வளைவாக அளந்து பார்த்து அதற்கென்று ஒரு சாலை விதி எழுதிவிட்டாள். என்னுடைய ஆபீசில் எத்தனையோ பெரிய மூளைகளைப் பார்த்திருக்கிறேன். இவளிடம் இருந்தது அவர்கள் யாரிடமும் இல்லை என்று அந்த டாக்சியில் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன், வெளியில் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

வீட்டுக்கு வந்து பழுப்புக் காகிதத்தில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். முதலில் உள்நாட்டு வழியாக வடக்கே ஏற வேண்டும். ஒர்வியேத்தோ, அசிசி, சியேனா என்று மலை ஊர்களை முடித்துக்கொண்டு, மேற்குக் கரைக்கு வந்து, கடலோரமாகவே தெற்கே இறங்க வேண்டும். தெற்கே போனால் கடல் வலப்பக்கம். நேப்பிள்ஸைத் தாண்டி சொரெந்தோவிலிருந்து பொசித்தானோ, அமால்ஃபி, ரவெல்லோ பார்த்துக்கொண்டு சலேர்னோ போய் முடிப்பது. அங்கேயும் கடல் வலப்பக்கம். ஒரு இடத்திலும் விதி பிசகவில்லை. சிவப்புப் பென்சிலால் வழியையும், நீலத்தால் தங்குகிற ஊரையும் குறித்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் வரை எல்லாரும் அதன் முன்னால் நின்று ஒரு நிமிஷம் பார்க்காமல் போனதில்லை.

நகல் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். இதைவிட அழகாக இங்கே இருக்கிறவனாலேயே போட முடியாது என்று பதில் வந்தது. ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தான். பக்கத்தில் இருக்கும் கடலோரத்தை விட்டுவிட்டு ஏன் வடக்கே போய்ச் சுற்றி வர வேண்டும்? மலை ஊர்களை முதலில் நடந்துவிட்டால் கடைசியில் கடலோரத்தில் ஓய்வாக இருக்கலாம், அத்தானுக்கு முழங்கால் வலி என்று இவள் எழுதினாள். எனக்கு அதுவரை முழங்கால் வலி இருந்ததில்லை.

மழை விட்டதும் அவன் வந்தான். வந்த மூன்றாம் நாளே நண்பன் ஒருவனின் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, ஒத்திகை பார்க்கலாம், பொன்முடிக்குப் போவோம் என்றான். வேண்டாமென்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. இவள் என்னைப் பார்த்தாள், நான் இவளைப் பார்த்தேன். அப்புறம் உள்ளே போய் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டாள். பள்ளம் இடப்பக்கம் வரும்போதெல்லாம் பின்சீட்டில் இருக்கும் எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வது என்று எங்களுக்குள் ஏற்பாடு.

அக்கா என்ற மரியாதையில் அவன் அவளை முன்சீட்டில் உட்காரவைத்தான். விதுரை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எனக்கு முறுக்கு வர ஆரம்பித்தது. அவன் உற்சாகமாகத் தன் ஊர்க் கதைகளைச் சொல்லிக்கொண்டு ஓட்டினான். இவள் சிரித்துக்கொண்டே திரும்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒன்றையடுத்து ஒன்றாக நீட்டினாள். கை மட்டும் சில்லென்று இருந்தது. நான் மென்றுகொண்டே வந்தேன். தாடை வலித்தது. ஆனாலும் அவன் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

பாதி வழியில் ஒரு நேரான இடத்தில் என்ஜின் சூடு தணிய வண்டியை நிறுத்தினோம். மலை இடப்பக்கம், பள்ளம் வலப்பக்கம். இவளுக்குத் தோதான இடம். இறங்கி மலைச் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். மறுபடி ஏறிக் கிளம்பினோம். அவன் பேசிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினான். வண்டி சாலையைக் குறுக்கே கடந்து வலப்பக்கத்துக்குப் போய், பள்ளத்து விளிம்பை ஒட்டி நேராக ஓட ஆரம்பித்தது. எங்கள் மூன்று பேரில் அவன் ஒருவனுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மேலேயிருந்து பஸ் ஒன்று அலறிக்கொண்டு வளைவில் திரும்பியது.

அவன் வெடுக்கென்று இடப்பக்கம் ஒடித்து மலையோரம் நிறுத்தினான். பஸ் டிரைவர் எங்களுக்கு நேராக வந்து நின்று, கண் இல்லையா, தலையில் ஒன்றும் இல்லையா என்று மலையாளத்தில் அவனுக்கு வேண்டியதெல்லாம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு கீழே போனார். அவர் கேட்டதில் ஒரு நியாயக்குறைவும் இல்லை.

"அங்க வலதுவசம் ஓட்டியோட்டிக் கை பழகிப்போச்சு, கேட்டோ அத்தான்" என்று அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

என் மனைவி கண்ணைத் திறந்தாள். அங்கே எல்லா வண்டியும் வலப்பக்கமாகவா போகும் என்று மெதுவாகக் கேட்டாள். இத்தாலி முழுக்க அப்படித்தான், அக்காவுக்குத் தெரியாததா என்றான் அவன்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தோமே தவிர, இந்த ஊரைப் பற்றி அப்படி நினைக்கவே இல்லை. கன்னியாஸ்திரீயிடம் மதில் உயரம் கேட்டோம், கோவளத்தில் சுவர் உயரம் கேட்டோம், இதைக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இடப்பக்கமே பார்த்தவர்களுக்கு இது கேட்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. கடல் வலப்பக்கம், வண்டியும் வலப்பக்கம். அவள் தேடித் தேடிப் போட்ட வழியில், முழங்கால் உயரச் சுவரை உரசிக்கொண்டு, கடலுக்கு நேர் மேலே ஒவ்வொரு மைலும் போகப் போகிறோம். உலகத்திலேயே அவளுக்கு ஆகாத வழி எதுவோ அதை அவளே வரைந்து, சிவப்புப் பென்சிலால் அடித்து வைத்திருந்தாள்.

அவள் சீட்டின் விளிம்பை விடாமல் பற்றிக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். பஸ்ஸைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆமாம், பஸ்தான் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். நானும் அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"பஸ் இல்லடா. எனக்கு உயரம்னா பயம். கீழ பாக்க முடியாது. அந்த வழியப் போட்டதே உனக்கு இது தெரியக் கூடாதுன்னுதான்."

அவன் அவளையே பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கையிலிருந்த முறுக்கைப் பார்த்தேன். எப்போதிருந்து என்று கேட்டான். அவள் ஒரு கணம் என் பக்கம் திரும்பினாள். பொன்முடிப் பாறையில் செய்த சத்தியம் நினைவிருக்கிறதா என்று அந்தப் பார்வை கேட்டது. பிறந்ததிலிருந்தே உண்டு, அம்மாவுக்கும் இருந்தது, குடும்பச் சொத்து என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்ன பொய். அதைக் கேட்டு அவன் நிம்மதியாவான் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்.

"பின்னே எப்படிக்கா அன்னைக்குக் கிணத்துல எறங்கின?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவில்லை. அவனைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவளையே எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

"நீ உள்ள கெடந்தியேடா" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், மறைக்கவும் இல்லை. நான் முறுக்கு சிக்கிக்கொண்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். அவன்தான் முதலில் ஆரம்பித்தான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வழியை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடலாம், சலேர்னோவிலிருந்து ஆரம்பித்து வடக்கே ஏறினால் கடல் இடப்பக்கம், நாம் மலையோரம், ஒரு கஷ்டமும் இல்லை என்றான். ஒரு நாள் வேலைகூட இல்லை. நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

அவள் வேண்டாமென்றாள்.

"மறைக்கத்தான் அந்த வழி போட்டேன். இனி என்ன இருக்கு மறைக்க? அப்படியே இருக்கட்டும்."

பிறகு கதவைத் திறந்து இறங்கி, பின்னால் வந்து, என்னை இறங்கச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் வலப்பக்க ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தாள். அங்கே எப்படியோ அப்படியே இங்கே ஓட்டிக் காட்டு என்று தம்பியிடம் சொன்னாள். அதாவது வலப்பக்கமாக, விளிம்பை ஒட்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோடு விதியை மீறி இப்படி ஒரு காரியம் செய்ய வேண்டுமா, இன்னும் இரண்டு மூன்று வளைவு தாண்டினால் பள்ளம் தானாகவே இடப்பக்கம் வரும், அங்கே இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தாலும் இதே பள்ளம்தானே என்று எனக்குத் தெரிந்த நியாயத்தையெல்லாம் சொன்னேன். அது வரைக்கும் இந்தத் தைரியம் நிற்குமோ நிற்காதோ என்றாள்.

கடைசியில், எதிரே வரும் வண்டியை நிறுத்த ஒரு ஆள் முன்னால் நடப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்த ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தன், இன் பண்ணிய சட்டையோடு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடுரோட்டில் மேலே நடந்தேன். வளைவுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தோட்டத்து ஜீப் ஒன்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, வண்டியில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார், இரண்டு நிமிஷம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அவர்கள் நல்லவர்கள், பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள். நான் துண்டை ஆட்டினேன்.

கார் மெதுவாக வந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் கொஞ்சம் புல் மட்டும் இருந்தது. பின் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டிருந்தாள். முதலில் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நேரே பார்த்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு தலையைத் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே, நேரே கீழே பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு உயரத்தில் பயம் கிடையாது, ஆனாலும் மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் இன்னும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. அவளைக் கல்யாணம் செய்துகொண்ட நாளில் இருந்ததைவிட அந்த நிமிஷத்தில் எனக்கு அவள்மேல் இருந்த ஆசை அதிகம். இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

வண்டி என் அருகில் வந்து நின்றது. கீழே அடிவாரத்தில் கல்லாறு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. புத்தகத்தில் போட்டிருப்பதைவிட நிறைய வளைந்து போகிறது, அளந்தால் எவ்வளவோ கூடுதலாக வரும் என்று வகுப்பில் பேசுகிற குரலில் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. நான் ஜீப்காரர்களைப் போகச் சொல்லிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இனி ஏறிக்கொள்ளலாம் என்று கதவில் கையை வைத்தேன். அவள் உள்ளேயிருந்தே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏறாதீங்க. அடுத்த வளைவுக்கு நடங்க."